முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபியுங்கள்

எனக்கு இடுப்பு வலி வந்த புதிதில், கிட்டத்தட்ட ஆறு மாதம், நான் செய்தது இரண்டே வேலைதான். படுத்துக் கிடந்தேன். வலி போகட்டும் என்று ஜெபித்தேன். ஜெபித்ததில் தப்பில்லை. படுத்துக் கிடந்ததுதான் வலியை வளர்த்தது என்பது பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து என் ஜெபத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். "இந்த வலியை எடுத்துப்போடும்" என்பதோடு "இன்றைக்குப் பத்து நிமிடம் நடக்க எனக்குப் பெலன் தாரும்" என்பதையும் சேர்த்துக்கொண்டேன். நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டாவது வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

மாதக்கணக்கில் மூட்டு வலி, முதுகு வலி, கழுத்து வலி, தலைவலி என்று அவதிப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசுவாசம் உண்டு, ஆனால் மாத்திரை போட்டால் அது அவிசுவாசமோ என்று உள்ளுக்குள் உறுத்துகிறவர்களுக்கும்தான். விசுவாசத்துக்குப் புதியவராக இருந்தாலும் சரி, வலிக்குப் புதியவராக இருந்தாலும் சரி, இங்கே சொல்லும் வரிசையில் போங்கள். அந்த வரிசை முக்கியம்.

வரிசையை நான் எலியா தீர்க்கதரிசியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, நான் சாகவேண்டும் என்கிறான். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவுமில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் தரம் வந்து தொட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். அப்புறம் நாற்பது நாள் நடை. ஓரேப் மலையில் தேவனுடைய அந்த மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்கிறது.

முதலில் மருத்துவர்

எந்த ஜெபக் குறிப்பும் எந்த உடற்பயிற்சியும் இதற்கு முன்னால் வரக்கூடாது. வலி எதனால் என்று ஒருமுறையாவது மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

சில வலிகளுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக்கூடாது. நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்ப்பது. இதுவரை வாழ்நாளில் கண்டிராத தலைவலி சட்டென்று உச்சத்தில் தொடங்குவது. ஒரு பக்கம் கைகால் தளர்வது, பேச்சு குழறுவது. முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்துப்போவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. வயிறு பலகை மாதிரி இறுகி வலிப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் போகிற வழியில் ஜெபித்துக்கொள்ளலாம். முதலில் அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு வரும் வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் குறையாத வலி ஆகியவையும் சில நாட்களுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் வேதத்தையே திறந்து காட்டலாம். வியாதியில் விழுந்த எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான், தேவன் அந்த ஜெபத்தைக் கேட்டார், கூடவே பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டச் சொன்னார் ஏசாயா. ஜெபமும் மருந்துப் பற்றும் ஒரே அறையில்தான் இருந்தன. பவுலோடு ஊழியத்துக்குப் போன லூக்காவைக் கொலோசெயர் நிருபம் பிரியமான வைத்தியன் என்றே சொல்கிறது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. அதற்குப் பவுல் எழுதி அனுப்பியது, தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்ற நடைமுறை ஆலோசனை. (அதை இன்றைக்கு மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

வலி எதிரி மட்டுமல்ல

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாதிப் பயம் இதில் போகும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், மிஷனரி குடும்பத்துப் பிள்ளை. தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்பதை விளக்கிச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயத்தோடு நடக்கிறார்கள். அதனால்தான் விரல்களும் பாதங்களும் சிதைகின்றன. வலி ஒரு காவல்காரன் என்ற எண்ணம் அங்கிருந்துதான் அவருக்கு வந்தது. வலியை தேவன் தந்த நன்மை என்றே அவர் பேசிவந்தார்.

ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியில் அந்தக் காவல்காரன் சில சமயம் திருடன் போன பிறகும் கத்திக்கொண்டே இருக்கிறான். காயம் ஆறியிருக்கும், நரம்பு மண்டலம் மட்டும் அபாய மணியை நிறுத்தாது. சாதாரணமாக வலிக்காத தொடுதலும் வலிக்கும். இது கற்பனை வலி அல்ல, நிஜமான வலிதான். வலிக்கிற அளவும் உள்ளே உள்ள சேதத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கடுமையாகக் காயப்பட்ட வீரர்களில் பெரும்பாலானவர்கள், கேட்டபோதும், வலிக்கு மருந்து வேண்டாம் என்றார்கள். அந்தக் காயம் அவர்களுக்கு உயிரோடு வீடு திரும்புவதற்கான சீட்டு. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முதுகுத் தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற கோட்பாட்டை வைத்தார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்க்கிறோமே, அதில் வலி குறைவது இந்தக் கதவினால்தான் என்றார்கள். மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அந்தக் கதவை அசைக்கும். பயம், தனிமை, தூக்கமின்மை ஆகியவை அதை அகலத் திறந்துவைக்கும். பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வும் அமைதியும் கொஞ்சம் சாத்தும்.

ஜெபம் உடம்பில் வேலை செய்கிற ஒரு வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு வழி என்கிறேன். தேவன் அற்புதமாகச் சுகம் தரமாட்டார் என்று சொல்லவில்லை. அற்புதத்தை அட்டவணையில் போட முடியாது. மற்றதைப் போடலாம்.

எப்படி ஜெபிப்பது

முழங்கால் வலிக்காரர் முழங்காற்படியிட வேண்டாம். எலியாவின் ஜெபம் செடியடியில் உட்கார்ந்தபடி. எசேக்கியாவின் ஜெபம் படுக்கையில், சுவர்ப்புறமாகத் திரும்பியபடி. சாய்மானம் உள்ள நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். நீண்ட ஆராதனையில் எல்லாரும் எழுந்து நிற்கும்போது உங்களால் முடியாவிட்டால் உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார் என்ற கவலை இரண்டு வாரத்தில் பழகிப்போகும்.

அப்புறம் பொய் சொல்லாமல் ஜெபியுங்கள். வலிக்கும்போது ஸ்தோத்திரம் மட்டும்தான் சொல்லவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சங்கீதங்களைப் பாருங்கள். 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. 6ஆம் சங்கீதக்காரன் கண்ணீரால் கட்டிலை நனைக்கிறான். 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரைக்கும் விடியவே இல்லை. இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது ஜெபமாக வேதத்தில் இருக்கிறது. புலம்பல் விசுவாசத்துக்கு எதிர் அல்ல. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் முறையிடுவான். முதல் வாரம் தினமும் இந்த மூன்றில் ஒன்றைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். முடிந்ததும், உங்கள் வலி எந்த இடம், எந்த மாதிரி, எது உங்களால் முடியாமல் போயிற்று என்று உங்கள் வார்த்தைகளில் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாததா என்று கேட்கலாம். நமக்குத் தெரிவதற்காகத்தான்.

மூன்றாவது, மூச்சோடு ஜெபிப்பது. மூச்சை உள்ளே இழுக்கும்போது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", மெதுவாக வெளியே விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்". வாயை அசைக்க வேண்டாம், மனதில் போதும். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்கட்டும். கிழக்குத் திருச்சபைகளில் இயேசுவின் நாமத்தைச் சொல்லி இரக்கம் கேட்கிற ஒரு வரி ஜெபத்தைத் துறவிகள் நூற்றாண்டுகளாக இப்படி மூச்சோடு சொல்லிவந்திருக்கிறார்கள். கத்தோலிக்கரிடம் செபமாலை இருக்கிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர், லத்தீன் மொழியில் செபமாலை சொல்லும்போது சுவாசம் நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற அளவுக்கு இறங்குவதையும், இதயத் துடிப்பின் தாளம் அதோடு சீராவதையும் அளந்து வெளியிட்டார்கள். மந்திரம் ஓதுகிறவர்களிடமும் அதையே கண்டார்கள். ஆகவே மெதுவான மூச்சு எல்லா உடம்புக்கும் பொது. அந்த மூச்சில் யாரோடு பேசுகிறோம் என்பது நம் விசுவாசம். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் ஆரம்பியுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

இனி நடை

மருத்துவர் தடை சொல்லாதவரை அசைவுதான் மருந்து. சாதாரண முதுகு வலிக்கு நாள்கணக்கில் படுக்கையில் கிடப்பது தீங்கு என்பதில் இன்றைய மருத்துவத்தில் இரண்டு கருத்து இல்லை.

புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு, நானும் செய்தேன். வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் செய்து தீர்ப்பது, மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது. இதற்கு மாற்று, அளவு வைத்து நடப்பது. மூன்று நாள், வலி கூடத் தொடங்குகிற வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 8, 14, 8 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8. உங்கள் ஆரம்ப அளவு அதுதான். நல்ல நாளிலும் 8, மோசமான நாளிலும் 8. நல்ல நாளில் 8 நிமிடத்தோடு நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், சொல்லிவிட்டேன். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். கேலியாகத் தோன்றும். ஆறு மாதத்தில் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது போய்ச் சேரவேண்டிய ஊர், புறப்படுகிற இடம் அல்ல.

நடந்தபின் கொஞ்சம் வலி கூடுவது இயல்பு. அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை வேண்டாம். வராவிட்டால் அளவைக் குறையுங்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். நடக்கும்போது யாருக்காகவாவது ஜெபித்துக்கொண்டே நடங்கள், ஒரு நிமிடத்துக்கு ஒரு பெயர். கடிகாரம் பார்க்கிற எரிச்சல் இல்லாமல் எட்டு பேரோடு எட்டு நிமிடம் போய்விடும்.

ஒத்தடத்தைப் பற்றி ஒரு வரி. புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி, நாள்பட்ட தசைப் பிடிப்புக்கு வெந்நீர், இரண்டும் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உணர்ச்சி மரத்த இடத்தில் வைக்கவே வேண்டாம்.

தூக்கம்

மோசமாகத் தூங்கிய மறுநாள் அதே வலி அதிகமாக வலிக்கும். அதிகம் வலித்தால் இரவில் தூக்கம் வராது. இந்தச் செக்குமாட்டுச் சுற்றை எங்கேயாவது வெட்ட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதில் தொடங்குங்கள், படுக்கிற நேரம் அதன் பின்னாலேயே வரும். பக்கவாட்டில் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியில் ஒன்று. கைபேசி கைக்கு எட்டாத தூரத்தில்.

வலியால் அவதிப்படுகிறவர் முழு இரவு ஜெபத்துக்குப் போகலாமா என்று கேட்டால், என் பதில் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்பதே. "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று 4ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத் தூங்குவதும் ஜெபம்தான். பாதி இரவில் வலி எழுப்பினால் மணி பார்க்காதீர்கள். மூச்சு ஜெபத்தைத் தொடங்குங்கள். இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது படுங்கள்.

உணவும் உபவாசமும்

வலியைத் தீர்க்கும் ஒற்றை உணவு எதுவும் இல்லை. யாராவது அப்படி விற்றால் வாங்காதீர்கள். காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம், போதுமான தண்ணீர், குறைந்த சர்க்கரை, இவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர் அதிக எடையோடு இருந்தால் ஒரு கணக்கு உற்சாகம் தரும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. புகைப்பவருக்கு முதுகு வலி அதிகம் வருகிறது. நிறுத்த உதவி கேளுங்கள்.

உபவாசம் பற்றிப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு உபவாசம் இருக்காதீர்கள். தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் தொடங்கவே கூடாது. ஒரு வேளை உணவுக்குப் பதில் ஒரு நாள் கைபேசியை விட்டுவைத்துப் பாருங்கள். அதுவும் ஒறுத்தல்தான், சிலருக்கு அதைவிடக் கஷ்டம்.

மாத்திரை

பாராசிட்டமால் ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் மது அருந்துகிறவருக்கும் இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். மேலே சொன்ன மற்ற வகை மாத்திரைகள் வயிற்றுப் புண், சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றிலும் கை வைப்பவை. தலைவலிக்கு மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம்.

ஒரு ஜெபக் கூட்டத்தில் எனக்காக ஜெபித்த ஒருவர், இனி மாத்திரை தொடாதீர்கள், தொட்டால் பெற்ற சுகம் போய்விடும் என்றார். நிறுத்தினேன். நான்காம் நாள் வலியைவிடக் குற்ற உணர்வு அதிகமாக இருந்தது. சுகம் கிடைத்தது என்று தோன்றினால் மருத்துவரிடமே போய்க் காட்டுங்கள். குணமான குஷ்டரோகியை இயேசு ஆசாரியனிடம் காட்டச் சொல்லித்தான் அனுப்பினார். குறைக்க வேண்டுமானால் மருத்துவர் குறைப்பார்.

சபை

திமிர்வாதக்காரனை நான்கு பேர் இயேசுவிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உங்களுக்கு நான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஒருவர் உங்களோடு நடக்க, ஒருவர் உங்களுக்காக ஜெபிக்க. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்கலாம் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். ஆகவே கேளுங்கள், எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள்.

என்ன பாவம் செய்தீர்கள் என்று ஆராய வருகிறவர்களுக்கு யோவான் 9ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிறவிக் குருடன் விஷயத்தில் இவன் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்று இயேசுவே சொல்லிவிட்டார். விசுவாசம் போதவில்லை என்பவர்களுக்குப் பவுல் இருக்கிறார். மாம்சத்திலே இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்". முள் எடுக்கப்படவில்லை. பவுலின் விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வலியோடு மனச்சோர்வும் சேர்ந்து, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். எலியாவுக்கும் அப்படித் தோன்றியது. அவனையும் ஒருவர் வந்து தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

வலி திரும்ப ஏறும் நாளுக்கு

ஏறத்தான் செய்யும். எல்லாம் வீணாயிற்று என்று அன்று தோன்றும், யோசிக்க முடியாது. அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு ஒருமுறை. ஒத்தடப் பை எங்கே இருக்கிறது. நடை அன்றைக்குப் பாதி, ஆனால் பூஜ்யம் அல்ல. எந்த சங்கீதம். யாருக்குப் போன் செய்வது, அவர் வந்து என்ன செய்ய வேண்டும். எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய எழுத்தில் எழுதுங்கள், அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.